என் சகலையும் ஒரு சென்டிமீட்டரும்

என் சகலை எதையும் நம்ப மாட்டார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவி போட்டுத் திறந்து, மறுபடி பூட்டி, மறுபடி இழுத்துப் பார்ப்பார். நாற்காலியில் உட்காரும் முன் அதன் முதுகைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவார். லிஃப்டில் ஏறினால், எத்தனை பேர் ஏறலாம் என்று ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு, உள்ளே நிற்கிறவர்களைக் கண்ணாலேயே எடை போடுவார். குண்டாக யாராவது இருந்துவிட்டால் படிக்கட்டுதான்.

என் மனைவியின் அக்காளைக் கட்டியவர் என்பதால் இந்தக் கூத்தையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. நாங்கள் வாடகைக்குப் போன புது வீட்டுக்கு முதல் தடவை வந்தவர், சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டாகக் குத்திப் பார்த்த பிறகுதான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். என் மனைவி டீ கொடுத்தாள். அதை மோந்து பார்த்துவிட்டு, "பால் இன்னைக்கு வாங்கினதா?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய தொழில் அப்படி என்று அவர் மனைவி சமாதானம் சொல்லுவார். தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்கு மோஷன் கன்ட்ரோலர் மாட்டி, அதற்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பவர் அவர். பெரிய சமாச்சாரம் போலத் தெரியும். பார்த்தால் ஒரு டிபன் கேரியர் அளவுப் பெட்டிதான். மோட்டார் எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அந்தப் பெட்டிதான் சொல்லும். எவ்வளவு தூரம் சுற்றினோம் என்று மோட்டாரின் முதுகில் இருக்கும் என்கோடர் பெட்டிக்குத் தகவல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒருவர் ஏவ, ஒருவர் பதில் சொல்ல, வேலை நடக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் அவருக்கு ஒரு சீனியர் இருந்தார். ஓர் இயந்திரத்துக்கு என்கோடர் வயர்களை இணைத்துவிட்டு, "நான் பார்த்துட்டேன், நீ ஆன் பண்ணு" என்றாராம். இவரும் நம்பி ஆன் செய்தார். இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தன. மோட்டார் முன்னால் போனது. பின்னால் போகிறோம் என்று என்கோடர் சொன்னது. அதைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு பெட்டி இன்னும் வேகமாக முன்னால் தள்ளியது. தள்ளத் தள்ள இன்னும் பின்னால் போகிறோம் என்றே தகவல் வந்தது. கடைசி முனையில் இடித்து நின்றபோது அங்கே இவருடைய இடது கைச் சுண்டுவிரல் இருந்தது. அந்த விரலுக்கு இப்போது நுனி கிடையாது. அதற்குப் பிறகு அவர் யார் பேச்சையும் கேட்டு எதையும் ஆன் செய்ததில்லை. தொழில் வட்டாரத்தில் அவருக்கு "மீட்டர்" என்றே பெயர். மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொந்தப் பெண்டாட்டி பேச்சைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டார் என்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதரை எங்கள் கம்பெனிக்கு நானேதான் கூட்டிக்கொண்டு வந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நான் வேலை செய்வது கதவு செய்யும் தொழிற்சாலை. கதவில் பூட்டு உட்காரும் துளை போடும் இயந்திரம் என்னுடையது. முன்பெல்லாம் கைச்சக்கரத்தைச் சுற்றி, அளவுகோலைப் பார்த்து நிறுத்தித் துளை போடுவோம். அதற்கு ஒரு கன்ட்ரோலர் போட்டுவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்ட வேகத்தில், "எங்க சகலையே பண்ணுவார் சார்" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான், சக்கரம் சுற்ற ஆள் வேண்டாம் என்றால் நான் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அன்றிலிருந்தே நான் அவரை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் வந்தார். தரை சமமாக இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்கினார். எங்கள் எலெக்ட்ரீஷியன் இழுத்து வைத்திருந்த வயர்களையெல்லாம் பிரித்து மறுபடி அவரே மாட்டினார். பிறகு ஹோம் சென்சாரை வைத்தார். இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான். கரண்ட் வந்ததும் இந்த மாதிரி இயந்திரத்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, தூங்கி எழுந்த குழந்தை போல. அதனால் முதலில் மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்து சென்சாரைத் தேடும். சென்சார் கண்ணில் பட்டதும், மோட்டாருக்குள்ளே சுற்றுக்கு ஒரு தடவை வரும் ஒரு குறிக்காகக் காத்திருக்கும். சென்சாருக்குப் பிறகு முதலில் வரும் குறிதான் பூஜ்யம். அன்றைய அளவுகள் எல்லாம் அங்கிருந்துதான் கணக்கு.

சென்சாருக்கும் அந்தக் குறிக்கும் நடுவே ஏறக்குறைய அரைச் சுற்று தூரம் இருக்கும்படி பார்த்துப் பார்த்து வைத்தார். திருப்தியாக நிமிர்ந்தவரின் கண்ணில், மோட்டாரையும், துளை போடும் தலையை நகர்த்தும் நீளமான ஸ்குருவையும் இணைக்கும் கப்ளிங் பட்டது.

"இதை யார் டைட் பண்ணது?"

"நான்தான் சார். நல்லா டைட் பண்ணிட்டேன்" என்றான் ஃபிட்டர்.

சகலை ஸ்பேனரை எடுத்து, அவன் கண் முன்னாலேயே அதை லூஸ் செய்து, மறுபடி அவரே முறுக்கினார். ஃபிட்டர் என்னைப் பார்த்தான். உன் சொந்தக்காரர்தானே என்ற பார்வை அது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு லேப்டாப்பைத் திறந்து கதவு அளவுகளைப் போட்டு, புரோகிராம் எழுதி, பாஸ்வேர்டு வைத்துப் பூட்டினார். இயந்திரம் ஓடியது. குறை சொல்லக் கூடாது, ராஜா மாதிரி ஓடியது. துளைகள் அச்சில் வார்த்தது போல விழுந்தன. இன்னொரு இயந்திரத்துக்கும் அவரையே போடச் சொல்லலாம் என்று மேனேஜர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். என்னையும் அனுப்பவில்லை. காலையில் வந்து இயந்திரத்தை ஆன் செய்வது, கதவை ஏற்றி இறக்குவது, பட்டனை அழுத்துவது என் வேலை. மதியத்துக்கு மேல் வேறொருவர் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை அப்படியே வாங்கிக்கொள்வார்.

சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் போட்ட கதவுகளில் ஒன்றிலும் பூட்டு உட்காரவில்லை. துளை தள்ளிப்போயிருந்தது. அளந்து பார்த்தால் சரியாக ஒரு சென்டிமீட்டர்.

சகலை வந்தார். எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. புரோகிராமில் ஒரு சென்டிமீட்டரைக் கூட்டிச் சரிசெய்துவிட்டுப் போனார். மறுநாள் நான் ஆன் செய்தேன். துளை மறுபடி ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போயிருந்தது, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக. யாரோ அவரைக் கேலி செய்கிறது போல இருந்தது. கூட்டினதைக் கழித்துவிட்டுப் போனார். கொஞ்சநாள் ஒழுங்காக ஓடியது. மறுபடி ஒரு காலை. மதியத்து ஆள் வேலை பார்க்கும்போது இது ஒரு தடவைகூட வந்ததில்லை. எப்போது வந்தாலும் என் காலையில்தான் வந்தது.

கன்ட்ரோலர் மாட்டிய பேனலுக்குப் பின்னால் நான் நிற்பது தெரியாமல் அவர் மேனேஜரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மெஷின் தப்பு பண்ணா கண்டபடி பண்ணும் சார். ஒரு நாள் ரெண்டு மில்லிமீட்டர், ஒரு நாள் ஏழு. இது எப்பவும் கரெக்டா ஒரு சென்டி. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்ளோ சுத்தமா தப்பு பண்ண மனுஷனாலதான் முடியும். யாரோ உக்காந்து நம்பர் போடுறாங்க."

"யாரோன்னா?"

காலையில் அங்கே இருப்பது யார் என்று மேனேஜருக்குத் தெரியாதா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதே முன்னால் போய் நின்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஒட்டுக்கேட்டேன் என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தார். பாஸ்வேர்டை மாற்றினார். பேனல் கதவின் இடுக்கில் மெல்லிய காகிதத் துண்டைச் செருகிவைத்தார், திறந்தால் விழுந்துவிடும்படி. அது விழவில்லை, ஆனாலும் துளை தள்ளிப்போனது. எதிர்த்தாற்போல ஒரு கேமரா மாட்டினார். அதில் என் முதுகு மட்டும் பதிவானது. என் முதுகு கொஞ்சம் அகலம், பேனல் மொத்தத்தையும் மறைத்துவிட்டது. வேண்டுமென்றே மறைத்து நின்றேன் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கிடைத்தது.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? எனக்கும் மூளை குறுக்கே ஓடியது. பட்டன் அழுத்த இவன் எதற்கு என்று இவரே மேனேஜர் காதில் ஓதியிருப்பார். என்னை அனுப்ப ஒரு காரணம் வேண்டுமே, லேப்டாப்பிலிருந்து இவரே ஏதோ செய்கிறார் என்று நினைத்தேன். அவர் வந்து போன நாட்களையும் துளை தள்ளிப்போன நாட்களையும் மனசுக்குள் பொருத்திப் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. அதனாலேயே சந்தேகம் அதிகமானது. மாட்டிக்கொள்ளாமல் செய்யத் தெரிந்த ஆளாயிற்றே!

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"என்னங்க, அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ அத்தானோட லேப்டாப்பை எப்பவாவது தொட்டீங்களா?"

"யார் கேக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. அக்கா சும்மா பேசிட்டிருந்தா."

"தொடலை."

"சரி" என்றாள். இரண்டு சட்டைகளை மடித்து வைத்தாள். பிறகு, "நிஜமாவே ஒண்ணும் பண்ணலையே?" என்றாள்.

சகலை சந்தேகப்பட்டது எனக்குக் கோபம். இது கோபம் இல்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அடுத்த தடவை துளை தள்ளிப்போனபோது நல்ல தேக்குக் கதவுகளாகப் பார்த்துக் கெட்டுப்போயின. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சகலையும் அறையில் இருந்தார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு வாரம் வீட்ல இருங்க. காலைல இவரே வந்து ஸ்டார்ட் பண்ணட்டும். இந்த ஒரு வாரமும் தப்பு வரலைன்னா..." என்று இழுத்தார் மேனேஜர்.

மீதியை அவர் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தப்பு வராவிட்டால் நான்தான் செய்தேன் என்று ஆகிவிடும்; எனக்கு வேலை இல்லை. இயந்திரத்தில் கைவைத்தவன் என்ற பெயரோடு வெளியே போனால் இந்தத் தொழிலில் வேறு எவன் சேர்த்துக்கொள்வான்? ஜன்னலைப் பார்த்திருந்த மனிதர் கடைசிவரை திரும்பவே இல்லை.

வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஆனால் ஃபிட்டர் போன் செய்வான். "இன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சுண்ணா" என்பான், ஏதோ துக்கம் விசாரிக்கிறவன் குரலில். இயந்திரம் ஒழுங்காக ஓட ஓட என் வேலை கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. ஓர் இயந்திரம் தப்பு செய்ய வேண்டுமே என்று மனமுருகி வேண்டிக்கொண்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவள் கஷ்டப்படுவது தெரிந்தது.

வாரம் முடிய இருந்த நேரத்தில், ஒரு காலையில் சகலையே போன் செய்தார்.

"கிளம்பி வாங்க."

"எதுக்கு?"

"வாங்க, சொல்றேன்." வைத்துவிட்டார்.

என்னை மாட்டவைக்கப் புது வலை ஏதோ தயாராகிவிட்டது என்றே நினைத்தேன். எங்கேயாவது கையெழுத்துப் போடச் சொன்னால் போடக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

இயந்திரத்தைச் சுற்றி மேனேஜர், ஃபிட்டர், மதியத்து ஆள் என்று எல்லாரும் நின்றிருந்தார்கள். சகலையின் லேப்டாப் மூடியே இருந்தது. இயந்திரத்தின் படுக்கையில் ஓர் இரும்பு ஸ்கேலை ஒட்டி, நகரும் தலையில் ஓர் ஊசியைக் கட்டியிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், காலைல ஸ்டார்ட் பண்ணப்போ இங்க நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு சென்டி தள்ளிப் போச்சு."

"சரி பண்ணிட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

"இல்லை சார். நீங்க பாக்கணும்னு அப்படியே விட்டிருக்கேன்."

கரண்டை நிறுத்தினார். மறுபடி போட்டார். தலை மெதுவாக நகர்ந்து சென்சாரைத் தேடி, பூஜ்யத்தில் போய் நின்றது. ஊசி சரியான கோட்டில் இருந்தது. மறுபடி நிறுத்தினார், போட்டார். அதே கோடு. மறுபடியும் அதே கோடு. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு தடவை போட்டார். தலை அதே இடத்துக்கு வந்தது, நிற்காமல் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, பிறகு நின்றது. ஊசி ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தது. யாரும் எதையும் தொடவில்லை.

"ஸ்குரு ஒரு சுத்து சுத்தினா ஒரு சென்டி" என்றார் சகலை. "சென்சார் சொல்ற இடமும் மோட்டார்ல குறி வர்ற இடமும் இப்போ ஒண்ணு மேல ஒண்ணு இருக்கு. ஒரு நாள் குறி சென்சாருக்கு அப்புறம் வருது, சரியா நிக்குது. ஒரு நாள் கொஞ்சூண்டு முந்திக்குது. அதைத் தவற விட்டுட்டு அடுத்த சுத்துல வர்ற குறியைத் தேடிப் போயிடுது. காலைல ஆன் பண்ணும்போது மட்டும்தான் தேடும். அதான் எப்பவும் காலைலயே வந்திருக்கு."

"ஆரம்பத்துலயே அரைச் சுத்து தள்ளி வெச்சீங்களே சார்?" என்று ஃபிட்டர் கேட்டான். நல்லவன், விஷமமாகக் கேட்கவில்லை.

"வெச்சேன். அப்புறம் நீ டைட் பண்ணதை நம்பாம கப்ளிங்கை நான் லூஸ் பண்ணேன். அப்போ மோட்டார் தண்டு திரும்பிடுச்சு, குறி இடம் மாறிடுச்சு. நீ பண்ணது சரியாத்தான் இருந்துச்சு." மேனேஜர் பக்கம் திரும்பினார். "மறுபடி நான் தூரத்தைப் பார்க்கலை. ஏற்கெனவே நானே பார்த்துட்டேன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடது சார். இவர் ஒண்ணும் பண்ணலை."

அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதிலும் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்றுதான் தேடினேன். ஃபிட்டர் என் காதருகே வந்து, "சென்சார்ல ஒரே ஒரு போல்ட்டுண்ணா. அதை லூஸ் பண்ணி சென்சாரை அரை சென்டி நகர்த்தி வெச்சா போதும், முடிஞ்சுது. காலைல இவரைத் தவிர ஒருத்தரும் இல்லை" என்று முணுமுணுத்தான். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு போல்ட்டை அவர் யாருக்கும் தெரியாமல் நகர்த்தியிருந்தால் இனி என்றைக்குமே தப்பு வந்திருக்காது. வாரம் சுத்தமாக முடிந்திருக்கும். அவர் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். என் கதை முடிந்திருக்கும். எனக்குக்கூடத் தெரிந்திருக்காது.

மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "நாளைலேர்ந்து வந்துடுங்க" என்றார். சகலையிடம், "அந்த இன்னொரு மெஷினைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் இயந்திரத்துக்கு அடியில் குனிந்து சென்சாரை நகர்த்தினார். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் பண்ணலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே, சகலை" என்றார், தலையை வெளியே எடுக்காமல்.

"நீங்க கேக்கவே இல்லையே."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"கேட்டிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்றேன்.

அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். நெற்றியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. நுனி இல்லாத விரலால் அதைத் துடைத்தபடி, என்னமோ அளந்து பார்க்கிறவர் போல யோசித்தார்.

"மாட்டேன்" என்றார்.

வீட்டுக்குப் போனேன். என் மனைவியின் அக்காள் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, டீ போட்டுக் கொண்டுவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"எனக்கு அப்பவே தெரியுங்க, நீங்க அப்படிப் பண்ற ஆளே இல்லைன்னு" என்றாள்.

டீயை வாங்கிக்கொண்டேன். சகலை "மாட்டேன்" என்று சொன்னதை அப்படியே நம்பினேன். இதை நம்ப முடியவில்லை.